பேசியதெல்லாம் பதிவில், நினைவு யாரிடம்?

மெய்நிகர் உலகங்களில் முகம் மறைத்து வாழ்ந்தவர்களின் பேச்சு எங்கே போகிறது? ஊரையே மூடிவிட்ட பிறகு அவர்களை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

‘செகண்ட் லைஃப்’ என்ற மெய்நிகர் உலகத்தை 2003 ஜூனில் கலிஃபோர்னியாவின் லிண்டன் லேப் நிறுவனம் திறந்தது. ஜெயிக்க வேண்டிய ஆட்டமோ, கொல்ல வேண்டிய அரக்கனோ அங்கே கிடையாது. ஓர் உருவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம். நிலம் வாங்கலாம், வீடு கட்டலாம், காதலிக்கலாம், சண்டை போட்டுப் பிரியலாம். அந்த ஊருக்கு ஒரு சட்டம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் நிஜத்தில் ஆணா பெண்ணா, வயது என்ன, கல்யாணமானவரா, எந்த ஊர்க்காரர் என்பதையெல்லாம் அவராகத் தன் முகப்புக் குறிப்பில் எழுதாதவரை நீங்கள் வெளியே சொல்லக் கூடாது. அவரோடு பேசியதை அவர் சம்மதம் இல்லாமல் எடுத்து இன்னொருவருக்குக் காட்டவும் கூடாது.

2008-ல் பிரிட்டனின் உளவு அமைப்பான ஜி.சி.எச்.க்யூ. அந்த ஊரிலிருந்து மூன்று நாள் அரட்டையையும் தனிச் செய்திகளையும் பணப் பரிமாற்றத் தகவல்களையும் அள்ளி எடுத்தது. மொத்தம் 1,76,677 வரிகள்.

2013 டிசம்பரில், எட்வர்ட் ஸ்னோடன் வெளியே கொண்டுவந்த ஆவணங்களை வைத்து ‘தி கார்டியன்’, ‘நியூயார்க் டைம்ஸ்’, ‘புரோபப்ளிகா’ மூன்றும் சேர்ந்து எழுதிய பிறகுதான் ஊர்வாசிகளுக்கே இது தெரிந்தது. ஆன்லைன் விளையாட்டுகளுக்குள் தீவிரவாதிகள் ஒளிந்திருக்கலாம் என்று அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. 2008-ல் ஓர் அறிக்கை எழுதியிருந்தது; ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ மீதும் கண் வைத்திருந்தார்கள். அந்த ஆவணங்களில் சிரிப்பை அடக்க முடியாத ஓர் இடம் உண்டு. சி.ஐ.ஏ., எஃப்.பி.ஐ., பென்டகன் என்று ஆளாளுக்கு செகண்ட் லைஃபில் ஒற்றர்களை இறக்கிவிட்டதால், ஒருவர் ஆள் மீது இன்னொருவர் ஆள் மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளவே தனியாக ஒரு குழு தேவைப்பட்டதாம். சிக்கிய தீவிரவாதி? அப்படி ஒருவரைப் பற்றியும் அந்த ஆவணங்களில் பேச்சில்லை. திருட்டு கிரெடிட் கார்டு விவரங்களை விற்ற ஒரு கும்பலைப் பிடிக்க லண்டன் போலீசுக்கு உதவியதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடிந்தது.

குடியிருப்பவர்கள் ஒருவருக்கொருவர் முகம் காட்டாமல் இருக்கலாம். சர்வர் வைத்திருப்பவரிடமிருந்து யாரும் தப்ப முடியாது. அங்கே ஒருவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் வழியாகத்தான் அடுத்தவரைப் போய்ச் சேருகிறது. ஆனால், பதிவுகளைக் கையில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அந்த ஊர் மனிதர்களை ஞாபகம் வைத்துக்கொள்ள எந்த அவசியமும் இல்லை. ஞாபகம் வைக்கத் துடிக்கிற ஊர்வாசிக்கோ, பேசியதை எடுத்துக் காட்ட அனுமதி இல்லை. மூடப்பட்ட உலகங்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, யாரோ ஓர் ஊர்வாசி விதியை மீறியோ, விதியின் ஓரமாக ஒதுங்கி நின்றோ எடுத்து வைத்ததுதான்.

வேடத்துக்கும் மானம் உண்டு

பொய்ப் பெயரில் உலவுகிறவன் ஏதோ தப்பு செய்கிறான் என்ற சந்தேகம் நமக்கு எளிதில் வந்துவிடும். இந்த உலகங்களின் ஆரம்பத்தைப் பார்த்தால் கதை வேறு. 1978-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்டிலும் ‘மட்’ என்ற விளையாட்டை எழுதினார்கள். படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். பிறந்த குடும்பமும் பேசும் விதமுமே ஒருவரின் இடத்தைத் தீர்மானிக்கும் நாட்டில், அப்படித் தீர்மானிக்காத ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணமும் அதற்குப் பின்னால் இருந்ததாக எளிய குடும்பத்திலிருந்து வந்த பார்டில் பின்னாளில் பேசியிருக்கிறார். வேடம் அங்கே ஒளிந்துகொள்ளப் போட்டது இல்லை, தலைநிமிர்ந்து நடக்கப் போட்டது.

மானுடவியலாளர் டாம் பெல்ஸ்டார்ஃப் 2004 முதல் 2007 தொடக்கம்வரை செகண்ட் லைஃபுக்குள் ஓர் அவதாராகவே தங்கி ஆய்வு செய்தார். 2008-ல் அது புத்தகமாக வந்தது. தான் சந்தித்தவர்கள் வெளியே யார் என்று அவர் துருவவில்லை. அதோடு, புத்தகத்தில் அவதார்களின் பெயர்களையும் மாற்றிப்போட்டார். ஏற்கெனவே புனைபெயர், அதற்கு மேல் இன்னொரு புனைபெயர் எதற்கு என்று தோன்றலாம். அந்த ஊரில் அந்தப் பெயருக்கு நண்பர்கள் இருக்கிறார்கள், கடை இருக்கிறது, நல்ல பெயர் இருக்கிறது. பெயர் கெட்டால் அங்கேயே கெட்டுப்போகும்.

இது புரியாமல் சூடு பட்டுக்கொண்ட நிறுவனம் ப்ளிஸர்ட். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்டை நடத்தும் அந்த நிறுவனம், 2010 ஜூலை 6 அன்று, இனித் தங்கள் விவாதப் பலகையில் எழுதுகிறவர்களின் நிஜப் பெயர்தான் தெரியும் என்று அறிவித்தது. வம்புப் பேச்சு குறையும் என்பது கணக்கு. இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று காட்ட ஊழியர் ஒருவர் தன் முழுப் பெயரைப் பலகையில் போட்டார். சிறிது நேரத்திலேயே அவர் வீட்டு விலாசம், போன் நம்பர் என்று ஒவ்வொன்றாக அதே பலகையில் வந்து விழுந்தன. ஜூலை 9 அன்று திட்டத்தை வாபஸ் வாங்கினார்கள். பெண்கள், வேலை தேடுகிறவர்கள், வீட்டுக்குத் தெரியாமல் பாலின அடையாளத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் என்று பலர் அந்த மூன்று நாளும் எழுதிய எதிர்ப்புகளில், வேடம் ஏன் தேவை என்பதற்கான முழுப் பட்டியலும் இருக்கிறது.

ஆபத்து எப்போதும் மேலிருந்துதான் வரும் என்றில்லை. செகண்ட் லைஃபில் ‘ரெட்ஸோன்’ என்று ஒரு கருவியைச் சக குடியிருப்பாளர் ஒருவரே செய்து விற்றார். பொருட்களைத் திருட்டுத்தனமாக நகலெடுப்பவர்களைக் கண்டுபிடிக்கும் என்று விளம்பரம். அது வேலை செய்த விதம் எளிமையானது. யாருடைய நிலத்தில் நீங்கள் நுழைந்தாலும், அங்கே ஒலிக்கும் பாட்டோ ஓடும் வீடியோவோ வெளியே உள்ள ஒரு சர்வரிலிருந்து உங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். வரும்போது உங்கள் ஐ.பி. முகவரி அந்த சர்வருக்குத் தெரிந்துவிடும். ஒரே முகவரியிலிருந்து இரண்டு அவதார்கள் வந்தால் இரண்டும் ஒரே ஆள் என்று கருவி முடிவு கட்டிவிடும். ஒரே வீட்டில் இருக்கும் அக்கா தங்கை, ஒரே ஹாஸ்டலில் இருக்கும் மாணவர்கள் எல்லாரும் இதில் ஒரே ஆளாகிவிடுவார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. இரவில் நடனமாட ஓர் உருவம், பகலில் கடை நடத்த ஓர் உருவம் என்று வைத்திருந்தவர்களின் மாற்றுக் கணக்குகள் சந்தி சிரித்தன. 2011-ல் பெரும் கூச்சலுக்குப் பிறகு லிண்டன் லேப் அந்தக் கருவியை அகற்றியது. மாற்றுக் கணக்கின் பெயரை வெளியிடுவதும் விதிமீறல் என்று சேர்த்தது.

ஓஸ்லோவில் ஒரு பாஸ்வேர்டு

பதிவு என்றாலே காட்டிக்கொடுப்பது என்று இதுவரை சொன்னதை, நார்வேயின் மாட்ஸ் ஸ்டீன் கதை அப்படியே புரட்டிப்போடுகிறது.

மாட்ஸுக்கு டுஷென் தசைச் சிதைவு நோய். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். சக்கர நாற்காலியில் வளர்ந்த பையன், பத்து வருடத்தில் 15,000 மணி நேரத்துக்கு மேல் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்டுக்குள் செலவழித்தார். பெற்றோருக்கு அது பெரிய வருத்தம். நண்பர்கள் இல்லை, காதல் இல்லை, யாருக்கும் பயன்பட்டோம் என்ற திருப்தி இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டே காலம் போகிறதே என்று. 2014 நவம்பரில், 25 வயதில் அவர் இறந்தார். தன் வலைப்பூவின் பாஸ்வேர்டை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார். அப்பா அதைத் திறந்து மகன் இறந்த செய்தியைப் போட்டு, கீழே தன் மின்னஞ்சல் முகவரியையும் எழுதினார்.

பதில்கள் வரத் தொடங்கின. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும், முன்பின் தெரியாதவர்கள். அவர்கள் எழுதியது மாட்ஸைப் பற்றி இல்லை, ஐபெலினைப் பற்றி. ஐபெலின் ரெட்மூர் என்ற பெயரில், திடகாத்திரமான ஒரு துப்பறிவாளராக அவர் அந்த உலகத்தில் வாழ்ந்திருந்தார். ‘ஸ்டார்லைட்’ என்ற குழுவில் பலருடைய குடும்பச் சிக்கலுக்கு யோசனை சொன்னவர். மகனை நெருங்க முடியாமல் தவித்த ஒரு தாயிடம், அவன் ஆடும் உலகத்துக்குள்ளேயே போய் அவனோடு பேசச் சொன்னவர். தன் நோயைப் பற்றி மட்டும் பல வருடங்கள் மூச்சு விடவில்லை. மற்றவர்கள் மைக்கில் பேச ஆரம்பித்தபோதும் எழுத்திலேயே நின்றார்; ஏன் இப்படி என்று நண்பர்களுக்குக் கோபம்கூட இருந்தது. 2013-ல் வலைப்பூ எழுதத் தொடங்கிய பிறகே விஷயம் மெல்லக் கசிந்தது. இறுதிச் சடங்குக்குப் பல நாடுகளிலிருந்து அந்த நண்பர்கள் ஓஸ்லோவுக்கு வந்தார்கள்.

இயக்குநர் பெஞ்சமின் ரீ இதைப் படமாக எடுத்தார். 2024-ல் சன்டான்ஸ் விழாவில் விருது வாங்கி, அதே வருடம் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘தி ரிமார்க்கபிள் லைஃப் ஆஃப் ஐபெலின்’ அது. இறந்துபோனவரின் பத்து வருட வாழ்க்கையை அவர் எதை வைத்துக் கட்டினார்? ஸ்டார்லைட் குழு தன் ஆட்கள் பேசியதையும் நடித்ததையும் எழுத்தாகச் சேமித்து வைத்திருந்தது. சுமார் 42,000 பக்கங்கள். யார் எங்கே உட்கார்ந்தார், யார் சிரித்தார், யார் யாரை எப்போது கட்டிக்கொண்டார் என்பதுவரை அதில் இருந்தது. அதை வைத்து விளையாட்டின் உருவங்களிலேயே காட்சிகளைச் செய்தார்கள். நிறுவனத்திடம் முன்கூட்டிக் கேட்கவும் இல்லை. படத்தை ஏறக்குறைய முடித்துவிட்டு ப்ளிஸர்டிடம் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்கள் உரிமையைக் கொடுத்துவிட்டார்கள். கேட்டுவிட்டுத்தான் தொடங்குவது என்று இருந்திருந்தால் இந்தப் படம் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

படத்தைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. அழுது முடித்த பிறகு எனக்கு ஒரு நெருடல் மிச்சம் இருந்தது. தன் ரகசியத்தைத் திறக்கும் உரிமை மாட்ஸுக்கு இருந்தது; பாஸ்வேர்டைக் கொடுத்ததன் மூலம் ஒரு வகையில் அவரே திறந்தும் கொடுத்தார். ஆனால் அந்த 42,000 பக்கங்களில் அவர் மட்டும் இல்லையே. எழுதும்போது யாரும் ஒரு நாள் இது படமாகும் என்று நினைத்து எழுதவில்லை. செகண்ட் லைஃபின் சட்டத்தை இங்கே கொண்டுவந்து வைத்தால், அந்தப் பக்கங்களை எல்லாருடைய சம்மதமும் இல்லாமல் வெளியே காட்டியிருக்கக் கூடாது. காட்டாமல் இருந்திருந்தால், ஒரு தகப்பன் தன் மகன் யாராக வாழ்ந்தான் என்று இத்தனை நெருக்கமாகப் பார்த்திருக்க முடியாது. இரண்டில் எது பெரிது என்று கேட்டால், நான் பக்கங்களின் பக்கம்தான் நிற்பேன். அந்த நெருடல் போகாது, அவ்வளவுதான்.

ஸ்டார்லைட் குழு வருடாவருடம் விளையாட்டுக்குள் கூடி ஐபெலின் நினைவாக ஓடுகிறது. படம் வந்த வருடம் ப்ளிஸர்டும் அந்த உலகத்தின் காட்டுக்குள் அவருக்கு ஒரு கல்லறை வைத்தது. நண்பர்கள் ஓடத் தொடங்கி வெகுகாலம் கழித்து.

ஊரை மூடும் அறிவிப்பு

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் இன்னும் ஓடுகிறது. ஓடாமல் போன ஊர்கள்?

‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ என்ற சூப்பர்ஹீரோ உலகத்தை அதன் தென்கொரிய உரிமையாளர் என்.சி.சாஃப்ட் 2012 நவம்பர் 30 அன்று மூடியது. ஆட்டக்காரர்கள் உள்ளேயே தீப்பந்தம் ஏந்திக் கூடினார்கள், கெஞ்சினார்கள், சர்வர் அணைந்தது. ஆறு வருடம் துக்கம் அனுஷ்டித்தார்கள் என்றே சொல்லலாம். 2019 ஏப்ரலில் ஒரு செய்தி வெடித்தது: அந்த ஊர் சாகவே இல்லை. ஒரு சிறு குழு அதன் மென்பொருளை வைத்து, வெளியே சொல்ல மாட்டேன் என்று உறுதி வாங்கிக்கொண்டு, தெரிந்தவர்களை மட்டும் சேர்த்து, இத்தனை நாளும் ரகசியமாக நடத்திக்கொண்டிருந்தது.

சந்தோஷத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. பெரியவர் இறந்துவிட்டார் என்று ஊரே கருமாதி முடித்த பிறகு, பங்காளிகள் சிலர் மட்டும் அவரைப் பின்கட்டில் வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்ததுபோல. ரகசியமாக வைத்தவர்களின் நியாயமும் லேசானது இல்லை. தெரிந்தால் வக்கீல் நோட்டீஸ் வரும், இருக்கிற ஒரு பிரதியும் போய்விடும் என்ற பயம். 2016-ல் பழைய வார்கிராஃப்ட்டைத் தனியாக நடத்திய ‘நாஸ்டால்ரியஸ்’ சர்வர் வக்கீல் மிரட்டலில்தான் மூடியது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் அதைக் காப்பாற்றவில்லை. ஆனாலும் அந்த ஆர்வத்தைப் பார்த்த ப்ளிஸர்ட் 2019-ல் தானே ‘கிளாசிக்’ என்று பழைய உலகத்தைத் திறந்தது. சிட்டி ஆஃப் ஹீரோஸ் விஷயத்தில், ரகசியம் உடைந்ததால் மென்பொருள் வெளியே வந்தது, ரசிகர்கள் பகிரங்கமாக சர்வர்கள் தொடங்கினார்கள். 2024 ஜனவரியில் அவற்றில் ஒன்றான ‘ஹோம்கமிங்’குக்கு என்.சி.சாஃப்ட் உரிமமே கொடுத்துவிட்டது.

நூலகங்கள் என்ன செய்கின்றன? ‘தி சிம்ஸ் ஆன்லைன்’ 2008 ஆகஸ்ட் 1 அன்று மூடியபோது ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் குழு உள்ளே போய் கடைசி நிமிடங்களைப் படம் பிடித்து வைத்தது. அமெரிக்கச் சட்டம் 2018-ல் கொஞ்சம் இறங்கிவந்து, நின்றுபோன ஆன்லைன் விளையாட்டுகளின் சர்வரை நூலகங்கள் தம் கட்டடத்துக்குள் மட்டும் ஓட்டிக்கொள்ள அனுமதித்தது. அதுவும் சர்வர் மென்பொருள் முறைப்படி கையில் கிடைத்திருந்தால்தான். ஆய்வாளர்கள் வீட்டிலிருந்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு 2024-ல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆன்லைன் உலகம் ஒன்றுக்குள் போக ஊர் விட்டு ஊர் பஸ் ஏறி நூலகத்துக்குப் போக வேண்டும் என்பதில் உள்ள வேடிக்கை, சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

ஐரோப்பாவில், நிறுவனங்கள் விளையாட்டுகளைக் கொல்லக் கூடாது என்ற மனுவில் 2025-ல் 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. நிறுவனங்களின் கூட்டமைப்பு சொன்ன மறுப்புகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனியார் சர்வர்களில் ஆட்டக்காரர்களின் தகவலுக்குப் பாதுகாப்பு இருக்காதாம். அந்தரங்கத்தைக் காக்கிறோம் என்பது, ஊரைப் புதைப்பதற்கான காரணமாக வந்து நிற்கிறது. அதில் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் சங்கடம்.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. ‘ஈவ் ஆன்லைன்’ என்ற விண்வெளி உலகத்தில் உளவும் துரோகமும் ஆட்டத்தின் பகுதி. 2009-ல் ஒரு பெரும் கூட்டணி, ஒரே ஒரு நிர்வாகி கட்சி மாறியதால் ஒரே இரவில் கலைந்துபோனது. அத்தனை ரகசியம் நிறைந்த அந்த உலகத்தை நடத்தும் ஐஸ்லாந்து நிறுவனம், 2014-ல் ரெய்க்யவிக் துறைமுகத்தில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பி, அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களின் பெயர்களைப் பொறித்து வைத்தது. பொறித்தவை எல்லாம் விளையாட்டுப் பெயர்கள்தான்.

உடம்பே சாட்சி

எழுத்தில் மறைந்துகொள்ள முடிந்தது. ஹெட்செட் மாட்டிக்கொண்டு நுழையும் புதிய வி.ஆர். உலகங்களில் அந்த வசதி போய்க்கொண்டிருக்கிறது. தலை எந்தப் பக்கம் சாய்கிறது, கை எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதை நொடிக்குப் பலமுறை கருவி அளக்கிறது. அளக்காவிட்டால் படமே நகராது. 20 நிமிடம் வி.ஆரில் இருந்தால் உடலசைவுப் பதிவுகள் ஏறக்குறைய 20 லட்சம் சேரும் என்பது ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் கணக்கு. அவருடைய ஆய்வகம் 2020-ல் 511 பேரை வைத்துப் பார்த்தது. ஐந்து நிமிடத்துக்கும் குறைவான அசைவுப் பதிவிலிருந்து 95 சதவீதம் சரியாக ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 2023-ல் பெர்க்லி ஆய்வாளர்கள், ‘பீட் சேபர்’ விளையாடிய 55,000-க்கும் அதிகமானோரில் ஒருவரை 100 நொடி அசைவை வைத்து 94 சதவீதம் துல்லியத்தோடு அடையாளம் காட்டினார்கள். பெயரை மாற்றலாம், உருவத்தை மாற்றலாம், கை வீசும் தோரணையை எப்படி மாற்றுவது?

மெட்டாவின் ‘ஹொரைசன் வேர்ல்ட்ஸ்’ 2021 டிசம்பரில் திறந்தபோது, கடைசிச் சில நிமிடங்களை ஹெட்செட்டிலேயே தொடர்ந்து பதிந்து வைத்து, யாராவது புகார் செய்தால் மட்டும் நிறுவனத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தது. சோதனைக் காலத்திலேயே ஒரு பெண் தன் அவதாரை ஒருவன் தவறாகத் தொட்டான் என்று புகார் செய்திருந்ததை நினைத்தால், இது தேவையில்லை என்று சொல்ல மனம் வராது. பதிவு இல்லாத இடத்தில் அத்துமீறியவன் தப்பிவிடுவான். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் சிக்கல். முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வசதியைச் சிறுவர்களுக்கும் தானாகவே திறந்து வைத்ததும், பெற்றோரைக் கேட்காமல் அவர்கள் தகவலைச் சேர்த்ததும் ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டின் மீது வந்த குற்றச்சாட்டுகள். 2022 டிசம்பரில் அதை நடத்தும் எபிக் நிறுவனம் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 52 கோடி டாலருக்கு ஒத்துப்போனது. அதில் குழந்தைகளின் அந்தரங்கத்துக்காக மட்டும் 27.5 கோடி.

நம் வீட்டு வாசலில்

2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்யாணம் முடித்த ஒரு ஜோடி, வரவேற்பை மெட்டாவெர்ஸ் என்ற மெய்நிகர் உலகத்தில் வைத்தது. ஹாரி பாட்டர் பாணிக் கோட்டை. விருந்தினர் எல்லாரும் அவதார்கள். முந்தைய வருடம் இறந்துபோன மணமகளின் தந்தையும் ஓர் அவதாராக வந்து நின்றார். இந்திய ஊடகங்கள் முழுக்க அது செய்தியானது. அப்பா இல்லாமல் மணமேடை ஏறும் ஒரு பெண்ணின் ஆசையை யாரும் குறை சொல்ல முடியாது. தாத்தாவின் படத்தை மாலை போட்டு மேடையில் வைக்கும் வழக்கத்தின் நீட்சிதான் அது. ஒரே ஒரு வித்தியாசம்: மாலை போட்ட படம் நம் வீட்டுச் சுவரில் இருக்கும். இப்படிச் செய்யும் உருவங்கள் எல்லாம் ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். அந்த நிறுவனம் மூடினால் போகும், விற்றால் கைமாறும்.

இந்தியாவின் மின்னணுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலாகின்றன. அதன் 14-வது பிரிவு, நாம் இறந்துபோனால் நம் தகவல் உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நாமினியாக நியமிக்கலாம் என்கிறது. பேங்க் கணக்குக்கும் எல்.ஐ.சி. பாலிசிக்கும் நாமினி போட்டுப் பழகிய நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. அந்த நாமினி என்ன கேட்கலாம்? என்ன தகவல் வைத்திருக்கிறாய் என்று ஒரு சுருக்கம் கேட்கலாம். தப்பாக இருந்தால் திருத்தச் சொல்லலாம். அழிக்கச் சொல்லலாம். இறந்தவர் பேசியதையெல்லாம் முழுசாக ஒரு பிரதி எடுத்து என் கையில் கொடு என்று கேட்க அந்தச் சட்டத்தில் வழி இல்லை. 2019 மசோதாவில் தகவலைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகும் உரிமை ஒன்று இருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை.